சேல் நேரம் உடுப்பு எடுக்கப் போறவங்களுக்கு

வெளிநாட்டுல சேல் எண்டா குளிர் முடியுறப்போ ஒண்டு, வெயில் முடியுறப்போ ஒண்டு, கம்பளிச் சட்டையெல்லாம் தேங்கிக் கிடந்திடும் எண்டு கடைக்காரனே விலைய வெட்டித் தள்ளுவான். நம்மட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் அந்தக் கணக்கு சரிவராது, இஞ்ச சீசன் எண்டா பண்டிகைதான். தைப்பொங்கல், சித்திரை வருசம், ரெண்டு பெருநாள், தீவாளி, நத்தார். இதுக்கு முன்னுக்கு ஒண்டு ரெண்டு கிழமை காத்தான்குடி மெயின் ரோட்லயும் கல்முனை பஜார்லயும் பைக் நிப்பாட்ட இடம் கிடைக்காது, எல்லாக் கடையிலயும் சிவப்புப் பேப்பர்ல 30%, 50% எண்டு தொங்கும், ஸ்பீக்கர்ல ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திட்டு இருப்பார்.

என்ட கணக்குல பண்டிகைக்கு முன்னால போடுற சேலுக்கும் புறகு போடுற சேலுக்கும் கனக்க வித்தியாசம் இருக்கு. முன்னால போடுறது ஆக்கள உள்ள இழுக்கிறதுக்கு, புறகு போடுறது மிஞ்சின சாமானத் தள்ளுறதுக்கு. தீவாளிக்கு எண்டு கொண்டு வந்து இறக்கினது தீவாளிக்குப் புறகு அப்பிடியே கிடந்தா கடைக்காரருக்குத்தான் சல்லி முடங்கிக் கிடக்கு, அப்ப போனா உண்மையாவே குறைப்பாங்க, ஆனா உங்கட அளவு இருக்காது, ஒண்டில் ஸ்மோல் கிடக்கும் இல்லாட்டி மூண்டு எக்ஸெல் கிடக்கும். அதனால பண்டிகைக்கு உடுக்கிறத முன்னாலயே எடுங்க, விலை கூடத்தான் வரும், பரவாயில்ல. ஒபிசுக்கு, வீட்டுக்கு, அடுத்த வருச விசேசத்துக்கு எண்டு எடுக்கிறத பண்டிகை முடிய விட்டு எடுங்க. சாறி, சாறன், பெட்ஷீட், துவாய் மாதிரி அளவுப் பிரச்சினை இல்லாத சாமானுக்கு புறகு போறது நல்ல யோசனை.

போறதுக்கு முதல் செய்ய வேண்டிய வேல ஒண்டு இருக்கு, ஒருத்தரும் செய்ய மாட்டாங்க. அலுமாரியத் திறந்து உள்ள இருக்கிறதயெல்லாம் கட்டில்ல போட்டுப் பாருங்க. என்னத்த உடுக்கிறீங்க, என்னத்த உடுக்கிறது இல்ல எண்டு அப்பதான் தெரியும். அனேகமான ஆக்கள்ட அலுமாரில ஒரே நிறத்துல நாலஞ்சு உடுப்பு இருக்கும், கடைக்குப் போனாலும் கை அந்த நிறத்துக்குத்தான் போகும். உடுக்காம கிடக்கிற உடுப்புகளப் பாத்து ஏன் உடுக்கல்ல எண்டு யோசிங்க, கழுத்து இறக்கமா, துணி கடிக்குதா, அதுக்கேத்த பாவாடை இல்லையா. அந்தக் காரணத்த போன்ல எழுதி வெச்சா கடையில திரும்ப அதே சாமான எடுக்க மாட்டீங்க. மறுகா தேவையான லிஸ்ட எழுதுங்க, "உடுப்பு" எண்டு மொட்டையா எழுத வேணாம், "கறுப்பு டெனிமுக்குப் போடுற மாதிரி வெளிர் நிற கொட்டன் டொப்" எண்டு எழுதுங்க. அந்த அளவுக்கு எழுதினாத்தான் கடைக்குள்ள கண் சுத்துறப்போ அது கையப் புடிக்கும்.

நம்மட காலநிலையையும் லிஸ்ட்ல சேருங்க. சித்திரை தாண்டினாப் புறகு கச்சான் காத்து தொடங்கினா பகல்ல மேல் எரியும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போற நாள் ஞாபகம் இருக்கும்தானே, அந்தச் சனத்துக்குள்ள ஜோர்ஜெட் சாறியோட நிண்டவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. மறுபக்கம் கார்த்திகை மார்கழில மழை பிடிச்சா கிழமைக்கணக்கா வெயில் வராது, தோய்ச்சுப் போட்ட கொட்டன் காயவே காயாது, விறாந்தையில கயிறு கட்டிப் போட்டா மூணாம் நாள் மணக்கும், அலுமாரிக்குள்ள பூஞ்சணம். ஆக ரெண்டு விதமான உடுப்பு நமக்கு வேணும். வெயிலுக்கு வேர்வைய இழுக்கிறது, மாரிக்கு கெதியாக் காயுறது. கொட்டன்தான் எல்லாத்துக்கும் நல்லது எண்டு சொல்லுறவங்க மாரியில உடுப்புக் காயப் போட்டுப் பாத்தது இல்ல போல.

இதுக்குக் காரணம் துணிட குணம்தான். கொட்டன் நூல் சாதாரண காத்துலயே தன்ட பாரத்துல 8% அளவுக்கு ஈரத்தப் பிடிச்சு வெச்சிருக்கும், பொலியெஸ்டர் 0.4% அளவுதான். அதனாலதான் பொலியெஸ்டர் சேட்டப் போட்டா வேர்வை துணிக்குள்ள போகாம முதுகுல ஒழுகுது, அதே காரணத்தாலதான் அது கயிற்றுல போட்டா கொஞ்ச நேரத்துல காஞ்சும் போகுது. ரெண்டும் கலந்தது, லேபிள்ல 65% பொலியெஸ்டர் 35% கொட்டன் எண்டு போட்டிருக்கும், மாரி மாசத்துல ஒபிஸ் போறவங்களுக்கு அது நல்ல சாமான், அயன் கனக்க வேணாம். வெயில் காலத்துக்கு 100% கொட்டன், இல்லாட்டி லினன், லினன் கசங்கும், கசங்கினா அதுதான் அழகு எண்டு நினைக்கிறவங்க மட்டும் எடுங்க.

இடையில ரேயோன் எண்டு ஒண்டு இருக்கு, லேபிள்ல விஸ்கோஸ் எண்டும் எழுதியிருப்பாங்க. சேல்ல தொங்குற பொம்பிளையள்ட டொப், சோட்டி, நீள கவுண் எல்லாம் அனேகமா இதுதான், கடையில "சொஃப்ட் கொட்டன்" எண்டு சொல்லித் தருவாங்க. கெட்ட துணி எண்டு சொல்ல மாட்டன், உடம்புக்குக் குளிர்ச்சி, வேர்வையும் இழுக்கும். ஆனா நனைஞ்சா அதுட பலம் கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கிடும், கிணத்தடியில கல்லுல அடிச்சு முறுக்கிப் பிழிஞ்சா நாலு தோய்ச்சலுக்குள்ள தையல் கிட்ட விட்டுக் குடுக்கும், சுருங்கவும் செய்யும். கையால மெல்லமாத் தோய்க்கிற ஆள் எண்டா எடுங்க, மெசின்ல எல்லாத்தோடயும் சேத்துப் போடுற ஆள் எண்டா விடுங்க. நீளம் கணுக்காலுக்கு மட்டாக நிக்கிறத எடுக்காம ரெண்டு அங்குலம் கூட இருக்கிறத எடுத்தா சுருங்கினாலும் சமாளிக்கலாம்.

கடையில லேபிள் இல்லாத சாமானும் கனக்க இருக்கும், லேபிள வெட்டின சாமான் இன்னும் கனக்க. நம்ம நாட்டுல ஏற்றுமதிக்குத் தைக்கிற பெக்டரி நிறைய இருக்கிறதால மிஞ்சினது, சின்னப் பிழையால கழிச்சது எல்லாம் வெளியில வரும், பேரைக் காட்டக் கூடாது எண்டு லேபிள வெட்டிருவாங்க. அதுக்குள்ள சில நேரம் தங்கம் கிடைக்கும், துணியும் தையலும் நம்மட கடைச் சாமான விட எவ்வளவோ மேல். ஆனா ஏதோ ஒரு காரணத்துக்குத்தான் அத கழிச்சிருப்பாங்க, அந்தக் காரணத்த நீங்க தேடிக் கண்டுபிடிக்க வேணும். ஒரு கை மற்றதை விட நீளமா, சிப் இடையில நிக்குதா, முன்பக்கத் துணியும் பின்பக்கத் துணியும் ரெண்டு சாயலா, எங்கயாவது சின்ன ஓட்டையா. கண்டுபிடிச்சா அது உங்களுக்குத் தாங்குமா தாங்காதா எண்டு முடிவெடுங்க. காரணம் அம்பிடவே இல்ல எண்டா இன்னொருக்கா பாருங்க.

லேபிள் இல்லாட்டி கைதான் லேபிள். துணில ஒரு மூலையப் பொத்திப் பிடிச்சு பத்து எண்ணுற வரைக்கும் இறுக்கிட்டு விடுங்க. கோடு கோடா கசங்கி அப்பிடியே நிண்டா கொட்டன், லினன் இல்லாட்டி ரேயோன். ஒண்டுமே நடக்காத மாதிரி விரிஞ்சா பொலியெஸ்டர் கூட. அடுத்தது லைட்டுக்கு முன்னால தூக்கிப் பிடிங்க, உங்கட கை மறுபக்கம் தெரிஞ்சா உள்ளுக்கு லைனிங் வேணும், அதுட செலவு வேற. வெள்ளை சல்வார் துணி எடுக்கிறவங்க இத மறக்கவே வேணாம். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு எண்டா ஒரு வெள்ளை லேஞ்சிய கொஞ்சம் நனைச்சுக் கொண்டு போய், கடைக்காரர்ட்ட கேட்டுட்டு, உள்பக்கத் தையல் ஓரத்துல நாலஞ்சு தரம் தேய்ச்சுப் பாருங்க. லேஞ்சில சாயம் ஏறினா வேர்வைக்கும் இறங்கும், மழைக்கும் இறங்கும், உள்ளுக்குப் போடுற வெள்ளை பெனியன் ரோசாப் பூ நிறமாகும். கறுப்பு அபாயா எடுக்கிற தாத்தாமாருக்கும் (முஸ்லிம் அக்காமாருக்கும்) இது நல்லம். நூல எரிச்சுப் பாக்கிற வேலை ஒண்டும் இருக்கு, கொட்டன் எண்டா பேப்பர் எரிஞ்ச மணம் வந்து சாம்பலாகும், பொலியெஸ்டர் எண்டா உருகி ஓரத்துல கட்டி முத்து மாதிரி நிக்கும். அது வீட்ட வந்து செய்யிற வேல, கடைக்குள்ள லைட்டரத் தூக்கி அடி வாங்கிறாதீங்க.

இனி உடுப்ப உள்பக்கம் பிரட்டுங்க. வெளிப்பக்கத்த கடைக்காரர் காட்டுவார், உள்பக்கத்தப் பாக்கிறது உங்கட வேல. ஒரு ஆம்பிளைச் சேட்ட எடுத்துக் கொள்ளுங்க. கம்மக்கட்டுக்குக் கீழ கையும் உடம்பும் பக்கத் தையலும் வந்து சந்திக்கிற இடம் இருக்கு, முதல்ல கிழியுறது அவடம்தான். நாலு தையலும் ஒரே புள்ளில வந்து பொருந்தியிருக்கா எண்டு பாருங்க, அரை அங்குலம் விலகி நிண்டா அவசரத்துல தைச்சது. நகத்த வெச்சு ஒரு அங்குலத்துக்குள்ள எத்தின குத்து இருக்கு எண்டு எண்ணுங்க, நல்ல சேட் எண்டா பதினாலு, அதுக்கு மேலயும் வரும், பத்துக்குக் கீழ போனா இழுத்தா இடைவெளி தெரியும், ரெண்டு பக்கமும் மெல்லமா இழுத்துப் பாத்தா நீங்களே காணலாம். கோடு போட்ட சேட் எண்டா பொக்கெட்ட கோடும் சேட் கோடும் நேராப் போகுதா பாருங்க, போகுதெண்டா தைச்சவர் கவனமான ஆள், மற்ற இடமும் ஒழுங்கா இருக்கும். கொலர மடிச்சுப் பாருங்க, உள்ள ஒட்டின துணி விட்டுப் போய் மேல குமிழ் மாதிரி தெரிஞ்சா அயன் பண்ணப் பண்ணக் கூடும், குறையாது. கடைசி பட்டனுக்குக் கீழ உள்பக்கம் மேலதிக பட்டன் தைச்சிருந்தா சந்தோசம். தையல் ஓரத்துல உள்ளுக்குத் துணி எவ்வளவு விட்டிருக்கு எண்டும் பாருங்க, அரை அங்குலம் இருந்தா டெயிலர் பிரிச்சு கொஞ்சம் லூசாக்குவார், ஓரத்த ஒட்ட வெட்டி ஓவர்லொக் (ஓரம் பிரியாம அடிக்கிற மெசின் தையல்) அடிச்சிருந்தா நீங்கதான் மெலியணும்.

டீசேட்டுக்கு ஒரு விசயம் மட்டும் சொல்லுறன். மேசையில விரிச்சு வெச்சுப் பக்கத் தையலப் பாருங்க, தோள்ல இருந்து நேரா இறங்காம முன்பக்கமா சரிஞ்சு போனா தோய்க்கத் தோய்க்க வயித்துப் பக்கம் கிறுகி வரும், என்ன விலைக்குத் தந்தாலும் வேணாம். பாரம் லேபிள்ல இருந்தா 160 தொடக்கம் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் துணிட பாரம், கிராம்ல) நல்லம், அதுக்கு கனக்கக் கீழ போனா வலை போடுற மாதிரி.

போட்டுப் பாக்கிற ரூமுக்குள்ள கண்ணாடிக்கு முன்னால நிமிந்து நிண்டு பாத்துட்டு வராதீங்க. யாரு நாள் முழுக்க அப்பிடி நிக்கிற? தோள்த் தையல் தோள் எலும்பு முடியுற இடத்துல நிக்குதா எண்டு முதல்ல பாருங்க, மற்ற எல்லாத்தயும் டெயிலர் சரிப்படுத்துவார், தோள சரிப்படுத்துறது கஸ்டம், அதுக்குக் குடுக்கிற கூலில இன்னொண்டு எடுக்கலாம். ரெண்டு கையையும் மேல தூக்குங்க, பஸ்ல கம்பியப் பிடிக்கிற மாதிரி, டொப் இடுப்புக்கு மேல ஏறுதா? டெனிம் எண்டா குந்தி இருங்க, சம்மணம் கட்டி இருங்க, கோயில் அன்னதானத்துக்கும் செத்த வீட்டுக்கும் பாயிலதான் இருக்கணும், அப்ப இடுப்பு வெட்டினா அந்த டெனிம் உங்களுக்கு இல்ல. ஸ்கூட்டில போற பிள்ளைகள் சல்வார் எடுக்கிற எண்டா சைட் வெட்டு எவ்வளவு உயரத்துல தொடங்குது எண்டு பாருங்க, சால்வை நீளத்தையும் பாருங்க, பின் வீல்ல சால்வை சிக்கி விழுந்த கதைகள் நம்மட ஊர்ல எல்லாருக்கும் தெரியும். நல்ல நீளச் சால்வை எண்டா கட்டிப் போட ஒரு வழி முதல்லயே யோசிச்சு வெச்சுக் கொள்ளுங்க.

நிறத்த கடை லைட்டுல நம்பாதீங்க. மஞ்சள் லைட்டுக்குக் கீழ கருநீலம் கறுப்பாத் தெரியும், பழுப்பு நிறம் பொன் நிறமாத் தெரியும். வாசலுக்குக் கொண்டு வந்து வெயில்ல பாருங்க, நல்ல கடைக்காரர் ஒண்டும் சொல்ல மாட்டார், "கொண்டு போய்ப் பாருங்க தங்கச்சி" எண்டுதான் சொல்லுவார். பொருத்தமான பிளவுஸ் துணி தேடுறவங்க சாறியக் கையில கொண்டே போகணும், போட்டோவ வெச்சு நிறம் பாக்கிறது சரிவராது.

சாறிக்கு வாறன். சேல் சாறிட விலை அந்தப் பேப்பர்ல போட்ட விலை இல்ல. பிளவுஸ் தைப்புக் கூலி, உள் லைனிங், ஃபோல்ஸ் (சாறிட கீழ்க் கரைக்கு உள்ளுக்குத் தைக்கிற பட்டி), ஓரம் அடிக்கிறது, பொருத்தமான உள்பாவாடை, இவ்வளவும் சேத்துக் கூட்டுங்க. 3,000 ரூவாக்கு மலிவா எடுத்த சாறிக்கு மேல அதே அளவு செலவு வந்து நிக்கிறது புதினம் இல்ல. அதோட தீவாளிக்குக் கிட்ட எந்த டெயிலரும் புது ஓடர் எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் பண்டிகைக்கு முதல் நாள் ராவு பத்து மணிக்குத்தான் தருவாங்க, கை இறுக்கமா வரும், திருப்பித் தைக்க நேரம் இருக்காது. டெயிலர்ட்ட தேதி கேட்டுட்டு சாறி எடுக்கப் போறதுதான் ஒழுங்கு. நீளமும் அளங்க, சாறி 5.5 மீற்றர், பிளவுஸ் துணி 0.8 மீற்றர், ரெண்டும் சேந்தா 6.3 மீற்றர் வரணும், மலிவுக் குவியல்ல பிளவுஸ் துணி வெட்டின சாறியும் நீளம் குறைஞ்ச சாறியும் கலந்து கிடக்கும், உயரமான ஆக்களுக்கு கொசுவம் வராது. முழுசா விரிச்சுக் காட்டச் சொல்லுங்க, மடிச்ச மடிப்புல நிறம் வெளிறியிருக்கா, குண்டூசி குத்தின இடத்துல துரு இருக்கா, உள் மடிப்புல தண்ணி நிண்ட கோடு மாதிரி கறை தெரியுதா எண்டு பாருங்க. "சில்க்" எண்டு பேர் இருக்கிறதெல்லாம் பட்டு இல்ல, ஆர்ட் சில்க் எண்டா பொலியெஸ்டரோ ரேயோனோதான், இந்தியப் பட்டுக்கு சில்க் மார்க் எண்ட லேபிள் வரும், அத வெச்சுத்தான் பட்டு விலை குடுக்கலாம்.

மருதமுனைப் பக்கம் போறவங்க கைத்தறிய விட்டுட்டு வராதீங்க, மட்டக்களப்பு கல்முனை ரோட்லயே இருக்கு, சாறன், சாறி, பெட்ஷீட் எல்லாம் இருக்கும். கைத்தறி எண்டு சொல்லி மெசின்ல நெய்ததையும் சில இடத்துல தள்ளுவாங்க, அதனால ஓரத்தப் பாருங்க. தறியில துணி சுருங்காம அகலமா நிக்கிறதுக்கு ரெண்டு கரையிலயும் ஊசி மாதிரி பிடிக்கிற ஒரு சாமான் போடுவாங்க, அது குத்தின சின்னச் சின்ன ஓட்டை கரை நெடுக வரிசையா இருக்கும், விரல வெச்சாத் தட்டுப்படும். நூல் அங்கங்க கொஞ்சம் தடிப்பா மெலிசா போகும், முன்பக்கமும் பின்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். புதுசுல கஞ்சி போட்டு விறைப்பா இருக்கும், ரெண்டு விரலுக்கு இடையில கசக்கிப் பாருங்க, வெள்ளைப் பொடி கொட்டுதெண்டா கஞ்சிதான் கூட, தோய்ச்சா துணி மெலிஞ்சிடும். இதுல 50% கழிவு எல்லாம் எதிர்பாக்காதீங்க, ஒரு சாறன் நெய்ய ஒருத்தர் தறியில எவ்வளவு நேரம் குந்தியிருக்கார் எண்டு ஒருக்கா போய்ப் பாத்தா பேரம் பேச வாய் வராது.

இப்ப கழிவுக் கணக்கு, இதுல படிச்ச ஆக்களே விழுவாங்க. "50%, அதுக்கு மேல 20%" எண்டு போட்டா 70% இல்ல. 1,000 ரூவா சாமான் 500 ஆகும், அந்த 500ல 20% போனா 400, ஆக கழிவு 60%தான். "ரெண்டு எடுத்தா ஒண்டு இலவசம்" எண்டா மூண்டுக்கு ரெண்டு விலை, ஒண்டுக்கு 33% கழிவு, அதுவும் மூண்டும் தேவையெண்டாத்தான், ஒண்டு மட்டும் தேவையான ஆளுக்கு அது ரெட்டிப்புச் செலவு. "70% வரை" எண்ட "வரை"தான் எல்லாம், கடைசி மூலையில ஒரு தட்டுல 70% இருக்கும், வாசல்ல இருக்கிறது 10%. ஸ்டிக்கர்ல பழைய விலை எண்டு வெட்டியிருக்கிறத நம்ப வேணாம், முடிஞ்சா சேலுக்கு முந்தி ஒரு நாள் சும்மா போய் அந்தச் சாமான்ட விலைய போட்டோ எடுத்து வெச்சுக் கொள்ளுங்க, அத விட நல்ல ஆதாரம் இல்ல. பேங்க் கார்டுக்கு கழிவு எண்டா எந்தக் கிழமை, ஆகக் கூடினது எவ்வளவு ரூவா கழிப்பாங்க எண்டு பில் போட முதல் கேளுங்க. கோக்கோ, மின்ட்பே எண்ட போன் அப் மாதிரி மூண்டு தவணையில கட்டுறதும் இருக்கு, அதுல கவனம் என்னெண்டா 9,000 ரூவா சாமான் 3,000 எண்டு கண்ணுக்குத் தெரியும், அப்பிடி மூண்டு சாமான் எடுத்தா அடுத்த மாசச் சம்பளத்துல 9,000 போயிடும். பண்டிகை முற்பணம் எடுத்து உடுப்பு எடுக்கிற அரசாங்க உத்தியோகத்தர்மாருக்கும் அதே கதைதான், மாசா மாசம் வெட்டுவாங்க.

விலை மலிவா இல்லையா எண்டு பாக்க எனக்குப் பிடிச்ச வழி, விலைய எத்தின தரம் உடுப்பன் எண்டதால பிரிக்கிறது. 12,000 ரூவா சாறி மூண்டு கலியாண வீட்டுக்கு உடுத்தா ஒரு தரத்துக்கு 4,000. 3,000 ரூவா சேட் கிழமைக்கு ஒருக்கா ஒபிசுக்குப் போட்டு வருசம் ஓடினா ஒரு தரத்துக்கு 60 ரூவா கிட்ட. இதால சாறி எடுக்க வேணாம் எண்டு சொல்லல்ல, கலியாண வீட்டுக்கு சேட்டா போட்டுட்டு போற? ஆனா எந்த இடத்துல சல்லிய இறுக்கணும், எந்த இடத்துல இன்னும் 500 கூடப் போட்டு நல்ல துணியா எடுக்கணும் எண்டு இதுல தெரியும். நாளாந்தம் உடுக்கிறதுக்குத்தான் நல்ல சல்லி குடுக்க வேணும், நம்ம ஆக்கள் மாறிச் செய்யுறாங்க.

பேரம்: ஸ்டிக்கர் விலை போட்ட பெரிய கடையில கேட்டுப் பிரயோசனம் இல்ல. சின்னப் புடவைக்கடைல கேட்கலாம், காத்தான்குடில "நானா, கடைசி விலை சொல்லுங்க" எண்டு கேட்டா கல்குலேட்டர எடுப்பார். ஒரு சாமானுக்குக் கேக்காம நாலு சாமானையும் மேசையில சேத்து வெச்சுட்டு மொத்தமாக் கேளுங்க, அப்ப அவருக்கும் குறைக்க இடம் இருக்கும். காலையில கடை திறந்த நேரம் போனா நிண்டு விரிச்சுக் காட்டுவாங்க, போணி வியாபாரத்த விட மனம் வராது. பின்னேரம் சனத்துக்குள்ள போய் பேரம் பேசினா "வேணுமெண்டா எடுங்க, இல்லாட்டி வையுங்க கா" எண்டுதான் வரும்.

பழைய ஸ்டொக்ல ஒரு ஆபத்து இருக்கு, ஆக்களுக்குத் தெரியாது. சேல்ல சப்பாத்து, ஹேண்ட்பேக், பெல்ட் எல்லாம் பாதி விலைக்குப் போடுவாங்க, பாத்தா புதுசு, பெட்டியும் புதுசு. ஆனா பியு எண்டு சொல்லுற மெத்தென்ற அடிப்பாகம் போட்ட சப்பாத்து காத்து ஈரத்துல வருசக்கணக்கா கிடந்தா தானாவே உடையும், உடுக்காம பெட்டிக்குள்ள இருந்தாலும் உடையும், வாவிக்கும் கடலுக்கும் இடையில இருக்கிற நம்மட ஊர் ஈரத்துக்கு சொல்லவா வேணும். வாங்கி ரெண்டாம் நாள் நடக்க நடக்க கறுப்புத் துண்டு துண்டா ரோட்டுல உதிரும். பெருவிரலால அடிப்பாகத்த அழுத்தி வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சாலோ, பிசுபிசு எண்டு ஒட்டினாலோ வெச்சுட்டு வாங்க. ரெக்சின் பேக்கும் அப்பிடித்தான், மடிப்புல தோல் உரியத் தொடங்கியிருக்கும். இலாஸ்டிக் போட்ட பாவாடை, ட்ராக் பொட்டம், உள்ளுடுப்பு எண்டா இழுத்துக் காதுக்குக் கிட்ட வெச்சுக் கேளுங்க, நொறு நொறு எண்டு சத்தம் வந்தா ரப்பர் செத்துப் போச்சு. சப்பாத்து பின்னேரத்துல போட்டுப் பாருங்க, நடந்து திரிஞ்சு கால் கொஞ்சம் வீங்கின நேரம் சரியா இருந்தா எப்பயும் சரியா இருக்கும்.

பிள்ளைகளுக்கு எடுக்கிறது வேகமாச் சொல்லுறன். ஒரு அளவு கூட எடுங்க, மூண்டு அளவு கூட எடுத்து வளரட்டும் எண்டு வெச்சா வளர முதல் துணி பழசாயிடும். நெட் போட்ட பாட்டி கவுணுக்கு உள்ள கையப் போட்டுப் பாருங்க, கொட்டன் லைனிங் இல்லாட்டி பிள்ளை அரை மணித்தியாலத்துல கழட்டி எறியும். கழுத்தைச் சுத்தி நீளக் கயிறு தொங்குற உடுப்பு வேணாம், ஊஞ்சல்லயும் கேட்லயும் மாட்டும். மகனுக்கு களுசான் எண்டா கால் மடிப்புல உள்ளுக்கு ரெண்டு அங்குலம் துணி இருக்கிறதப் பாத்து எடுத்தா அடுத்த வருசமும் இறக்கி விடலாம்.

ஒன்லைன்ல எடுக்கிறவங்க, தராஸ்ட நவம்பர் 11 சேல் (11.11) எண்டாலும் பேஸ்புக் லைவ் எண்டாலும், மீடியம் லார்ஜ் எண்ட எழுத்தப் பாக்காதீங்க, அது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொண்டு, சீனாச் சாமான் அனேகமா சின்னதா வரும். வீட்டுல உங்களுக்கு நல்லாப் பொருந்துற ஒரு டொப்ப விரிச்சு, ஒரு கம்மக்கட்டுல இருந்து மற்ற கம்மக்கட்டுக்கு, தோள்ல இருந்து கீழ் ஓரத்துக்கு அங்குலத்துல அளந்து போன்ல வெச்சுக் கொள்ளுங்க, அதே அளவ அவங்கட்ட கேளுங்க, சொல்லாட்டி விடுங்க. வாங்கின ஆக்கள் போட்ட போட்டோவ மட்டும் நம்புங்க. கூரியர் காசையும் சேத்துக் கூட்டுங்க, பார்சல உடைக்கிறப்போ வீடியோ எடுங்க.

பில் இல்லாம எந்தச் சாமானும் வாங்க வேணாம், கேட்டா தரவேண்டியது அவங்கட கடமை, 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்துல இருக்கு. சேல் சாமான மாத்தித் தருவீங்களா, எத்தின நாளுக்குள்ள, டெக் (உடுப்புல தொங்குற விலை அட்டை) கழட்டாம இருக்கணுமா எண்டு சல்லி குடுக்க முதல் கேளுங்க, குடுத்தாப் புறகு கேட்டா பதில் வேற மாதிரி வரும். ஒத்துக் கொண்டத பில்லுக்குப் பின்னால எழுதி வாங்கினா இன்னும் நல்லம். அந்தப் பளபளப்புப் பேப்பர் பில்லுல எழுத்து வெயில் பட்டா மறைஞ்சிடும், வீட்ட வந்த உடனே போட்டோ எடுத்து வெச்சிருங்க. சாமான் பிழையா இருந்து கடையில கதைச்சுச் சரிவராட்டி அதிகார சபைட 1977 எண்ட நம்பருக்கு எடுத்துச் சொல்லலாம்.

வீட்ட கொண்டு வந்த உடுப்ப அண்டைக்கே டெக் வெட்டாதீங்க. பகல் வெளிச்சத்துல அலுமாரில இருக்கிற மற்ற உடுப்போட சேத்து ஒருக்கா போட்டுப் பாருங்க, ரெண்டு மூண்டு உடுப்போடயாவது சேரணும், ஒண்டோடயும் சேராட்டி மாத்துற தேதி முடிய முதல் கொண்டு போங்க. வெச்சுக் கொள்ளுறதெண்டா மட்டும் வெட்டிட்டு, முதல் தோய்ச்சல் தனியா, பச்சத் தண்ணில, நிழல்ல காயப் போடுங்க, மஞ்சள் சாறிக்குப் பக்கத்துல மெரூன் சல்வார ஊற வைக்காதீங்க.